கிள்ளானிலிருந்து காட்டிய வாய்க்கால்

1

மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்க்கிறேன். வந்து இருபத்திரண்டு வருடம். படிப்பு எட்டாவது வரை. கடைக்குச் சாமான் பட்டியல் எழுதுவேன். வருடா வருடம் வேலை பெர்மிட் புதுப்பிக்கப் பாரம் நிரப்புவேன். அதற்கு மேல் எழுதியதில்லை. இதை எழுதுவது என் தங்கை வசந்தாவுக்காக. அவள் செய்த ஒரு காரியத்தை இங்கிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. கடைமடை. ஆற்றுத் தண்ணீர் மேலே இருக்கும் எல்லா ஊருக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா என் பேரில். பயிர் செய்வது வசந்தா. பக்கத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கும் பிடித்திருக்கிறாள்.

இரண்டரை வருடத்துக்கு முன் ஊருக்குத் தார் ரோடு போட்டார்கள். நல்ல ரோடு, குறை சொல்ல முடியாது. பஸ் வருகிறது. ரோடு வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் பழைய மதகை எடுத்துவிட்டு இரண்டு சிமெண்டுக் குழாய் பதித்தார்கள். பதித்தது வாய்க்கால் தரையை விட்டு உயரமாக. அன்றிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒழுங்காகத் தண்ணீர் போகவில்லை. எங்கள் நிலம் அந்தப் பக்கம்தான். இரண்டு சம்பா போயிற்று. மழையை நம்பி விதைத்தாள். முளைத்தது, கருகியது.

வசந்தாவின் வீட்டுக்காரர் முதல் வருடமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். இரண்டாவது வருடமும் காய்ந்தபோது அவர் சொல்லிவிட்டார்.

"இந்த வருசமும் தண்ணி வரலேன்னா வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடு."

அவளும் சரி என்றாள். எனக்குப் போனில் சொன்னாள்.

"உனக்குப் போக இஷ்டமா?" என்று கேட்டேன்.

"இஷ்டமான்னு யாரு கேட்டா? சொல்லிட்டேன். சொன்னா போவணும்ல."

அவ்வளவுதான். வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

2

மனு கொடுக்காமல் இல்லை. ஊர்க்காரர்கள் நாலு தடவை கொடுத்தார்கள். இரண்டு தடவை ஆள் வந்து பார்த்துவிட்டு, வாய்க்காலில் தடை ஏதும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். வந்தது கோடையில். கோடையில் எந்த வாய்க்காலிலும் தடை இருக்காது.

எனக்கு இங்கே அலுவலகம் பழக்கம்தான். எண் சீட்டு எடுத்து உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் எழுந்து போவேன். ஒரு தாள் குறைகிறது என்பார்கள். திரும்பி வருவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. கேட்பதற்கு மலாய் போதாது. அதைவிட, கேட்கிற குணம் எனக்கு இல்லை.

வசந்தாவுக்கு உண்டு.

போன சம்பாவில் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோதே அவள் அதை வீடியோ எடுத்து வைத்துவிட்டாள். அப்போது எந்தக் கூட்டமும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. "கோடையில வந்து பாப்பாங்க. அப்ப என்னத்தக் காட்டுறது?" என்று எடுத்தாளாம்.

மேட்டூர் திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் கூப்பிட்டாள்.

"அண்ணே, பாசன ஆபீஸ்ல கூட்டம் போடுறாங்க. நேர்ல இல்ல, போன்லயே. கடைமடை ஊரெல்லாம் குறை சொல்லலாமாம். நம்ம வீடியோவ அதுல ஓட்டிக் காட்டணும். இங்கேருந்து ஓட்டிப் பாத்தோம், சுத்திக்கிட்டே நிக்கிது. பேச்சு மட்டும்தான் போவுது. நீங்க அங்கேருந்து ஓட்டுங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"எனக்கு மட்டும் வீடியோ எடுக்கத் தெரியுமா? எடுத்தேன்ல. அண்ணிகிட்ட கேளுங்க."

என் மனைவி மல்லிகாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் கம்ப்யூட்டரில் உட்காருவது அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"இந்தப் பச்சைய அமுக்குங்க. எந்த ஜன்னலக் காட்டணும்னு கேக்கும். வீடியோ இருக்கிறதத் தொடுங்க. அதுக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல டிக் போடணும். இல்லேன்னா படம் மட்டும்தான் போவும், சத்தம் போவாது."

"சரி."

"என்ன சரி? செஞ்சு காட்டுங்க."

மூன்று தடவை செய்து காட்டினேன்.

3

கூட்டம் ஊர் நேரம் பதினோரு மணிக்கு. கிள்ளானில் மதியம் ஒன்றரை. கடையில் இலை விழுந்துகொண்டே இருக்கும் நேரம். முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"மீட்டிங்கா? உனக்கா?" என்றார். "சாம்பார் கிண்டுறவனுக்கு என்னா மீட்டிங் லா?"

"ஊர்ல வாய்க்கா சம்பந்தமா."

"வாய்க்கா அங்க. நீ இங்க."

"ஆமாங்க."

"காலையிலயே ரசம் வரைக்கும் முடிச்சிட்டுப் போ" என்றார். ஊருக்கும் பெர்மிட்டுக்கும் தவிர, இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட முதல் அரை நாள் என்பது அவருக்கும் தெரியும்.

முந்தின நாள் வீடியோ வந்து சேர்ந்தது. வசந்தா எடுத்தது இரண்டரை நிமிடம். வந்தது ஒன்பது நிமிடம். விஷயம் இதுதான். ஊரில் எல்லோரும் கூடி, அதிகாரிக்குக் காட்டுவதை அப்படியே காட்டக் கூடாது, லட்சணமாகக் காட்ட வேண்டும் என்று மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் முதலில் பிள்ளையார் படம் வைத்தார். அப்புறம் நாதஸ்வரம். அப்புறம் வாய்க்காலில் பாத்தியதை உள்ளவர்கள் பேர், ஒவ்வொருவராக, போட்டோவுடன். முப்பத்தெட்டுப் பேர். பேர் வரும்போது ரோஜா இதழ் உதிர்கிறது.

வசந்தா வேண்டாம் என்றுதான் சொன்னாளாம். யார் பேரை எடுப்பது? போன திருவிழா நோட்டீஸில் ஒருவர் பேர் விட்டுப்போய், அவர் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. அதனால் எல்லாப் பேரும் இருந்தது.

என் பேரும் இருந்தது. "திரு. குணசேகரன், மலேசியா." கூலிங் கிளாஸ் போட்ட போட்டோ. அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

4

வசந்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஊரில் இருந்த கடைசி வருடம். முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலம். மேலே இருந்த ஒருவர் தன் முறை முடிந்தும் தண்ணீரை மறித்த பலகையை எடுக்கவில்லை. நான் போய்க் கத்தினேன். அவர் மண்வெட்டியைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அப்போது வசந்தாவுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை. நேரே வயலை ஒட்டியிருந்த அவர் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். அந்த அம்மா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தது. குடித்தாள். "ஒங்க வீட்ல கேட்டவுடனே தண்ணி கெடைக்கிது. அத ஒங்க வீட்டுக்காரருகிட்டயும் சொல்லுங்கக்கா."

அந்த அம்மா வாசலில் நின்றபடியே ஒரு குரல் கொடுத்தது. அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பலகையை எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நிலத்துக்கு வேண்டிய ஆள் நான் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வருடம் விமானம் ஏறினேன்.

5

கூட்டத்தில் திரை முழுக்க ஐம்பது கட்டங்கள் இருக்கும். ஒன்றில் மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒன்றில் யாரோ ஒருவரின் காது. ஒரு மாடு கத்தியது. "எல்லாரும் மைக்க ஆஃப் பண்ணுங்க" என்றார் உதவியாளர். "ஆஃப் பண்ணிட்டோங்க!" என்று பத்துக் குரல் வந்தது.

நடத்தியவர் ஒரு பொறியாளர் அம்மா. கண்ணாடி போட்டிருந்தார். சிரிக்கவில்லை. "ஒரு ஊருக்கு அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல இல்ல" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீடியோவில் வாய்க்கால் வருவதே ஆறாவது நிமிடத்தில்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து எங்கள் ஊரைக் கூப்பிட்டார்கள். வசந்தாவும் ஊர்க்காரர்களும் அந்தக் குழாய்ப் பாலத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஊரில் சிக்னல் கிடைப்பது அங்கேதான். நான் பச்சையை அமுக்கினேன். ஜன்னலைத் தொட்டேன்.

பிள்ளையார் வந்தார். பேர்கள் வர ஆரம்பித்தன. ரோஜா இதழ் உதிர்ந்தது.

"என்ன இது?" என்றார் பொறியாளர் அம்மா.

பாலத்திலிருந்து ஒருவர், "பாத்தியதைக்காரங்க பேருங்கம்மா. எல்லார் பேரும் வந்துடும்" என்றார்.

மல்லிகா பின்னால் நின்றாள். "சத்தம் போவலங்க" என்றாள் மெதுவாக. "டிக் போட்டீங்களா?"

போடவில்லை. மூன்று தடவை செய்து காட்டியவன், அன்றைக்கு மறந்துவிட்டேன்.

இரண்டு நிமிடம் போயிற்று. பதினாலாவது பேர் ஓடிக்கொண்டிருந்தது. "இதுதான் உங்க குறையா? எழுதி அனுப்புங்க. அடுத்த ஊர்" என்றார் அந்த அம்மா. உதவியாளர் அடுத்த ஊரின் பேரைச் சொல்லிவிட்டார்.

எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். நாலு தடவை ஆயிற்று. நான் வீடியோவுக்குக் கீழே ஓடுகிற கோட்டைப் பிடித்து இழுத்தேன். அது கடைசிக்கே ஓடி, நன்றி வணக்கம் என்று வந்தது. மறுபடி இழுத்தேன். வாய்க்கால் வந்தது.

"மேடம்," என்று வசந்தாவின் குரல் கேட்டது. "இப்ப வந்துடும் மேடம். ரெண்டரை நிமிசம்தான். பாத்துட்டு அடுத்த ஊருக்குப் போங்க."

அந்த அம்மா திரையைப் பார்த்தார். என் பேர் அதில் எழுதியிருந்தது. "யார் இந்தக் குணசேகரன்? பட்டாதாரரா? நீங்க பேசுங்க."

கூட்டத்தில் பேசுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

"வணக்கம் மேடம். பட்டா என் பேர்ல இருக்கு. நான் மலேசியாவுல சமையக்காரன். வயலப் பாத்துப் பல வருசம் ஆச்சு. பயிர் பண்றது என் தங்கச்சி வசந்தா. அவங்களுக்குத்தான் தெரியும். வீடியோவுல சத்தம் வரல, அது என் தப்பு. அவங்களையே சொல்லச் சொல்லுங்க."

அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா" என்றார்.

6

அவளுக்கு அங்கே படம் தெரியவில்லை. சிக்னல் அதற்குப் போதாது. ஆனால் அவள் எடுத்த வீடியோ அவளுக்கு மனப்பாடம். "அண்ணே, வாய்க்கா ஆரம்பத்துலேருந்து விடுங்க" என்றாள். விட்டேன். பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

"இப்ப தண்ணியில ஒரு வாழைப்பூ மடல் போடுறேன் மேடம். செவப்பா இருக்கும், நல்லாத் தெரியும். அது போற வேகம்தான் தண்ணி போற வேகம். நான் கரையில கூடவே நடக்கிறேன். நல்லாத்தான் போவுது. எனக்கே வேகமா நடக்க வேண்டியிருக்கு. இப்ப ஒரு வேப்பமரம் வரும்."

வேப்பமரம் வந்தது.

"அதத் தாண்டுனா மெதுவாப் போவும். நானும் மெதுவாயிடுறேன். இப்ப பாலம் தெரியும். மடல் குழாய்கிட்டப் போவுது. உள்ள போவாது பாருங்க. குழாய் வாய் மேல இருக்கு, தண்ணி கீழ கெடக்கு. சிமெண்டுல முட்டுது. முட்டி நிக்கிது."

முட்டி நின்றது.

"இப்பத் திரும்பும் மேடம்."

செக்கச் செவேலென்று அந்த மடல் மெதுவாகத் தலையைத் திருப்பி, கரையோரமாக, வந்த வழியே திரும்பி வந்தது. ஒரு படகு திரும்புவதுபோல.

"ஒண்ணுன்னா காத்துன்னு சொல்லுவீங்க. பத்து போட்டேன். பத்தும் திரும்புச்சு. குழாய் உசரத்துக்குத் தண்ணி ஏறணும்னா மேல உள்ள வயலெல்லாம் முழுகும். அவங்க மதக மூடிடுவாங்க. மூடுறது நியாயம்தான், அவங்க மேல தப்பில்ல. இப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்துபோறேன். அது எங்க பக்கம்."

படத்தில் ரோடு வந்தது. அப்புறம் வெடித்த தரை. வாய்க்காலுக்குள் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"அதே நாளு, அதே நேரம் மேடம். அவ்வளவுதான்."

மாடுகூடக் கத்தவில்லை. பொறியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மடல் திரும்புற இடத்த இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டேன். இன்னொரு தடவை என்றார். போட்டேன்.

"குழாய் எவ்வளவு உயரத்துல இருக்கு?"

பாலத்தில் ஒருவர் ஒரு அடி என்றார். இன்னொருவர் இரண்டு அடி என்றார். மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டினார்.

"இருங்க மேடம், எறங்கிப் பாத்துட்டே சொல்றேன்" என்றாள் வசந்தா. அவள் குதிக்கிற சத்தம் கேட்டது. சருகு மிதிபடும் சத்தம். "என் முழங்கையிலேருந்து நடுவிரல் வரைக்கும் மேடம். நாலு விரக்கடை கம்மி."

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "உங்க முழங்கை எவ்வளவு நீளம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நேர்ல வந்து அளந்துக்குங்க மேடம்."

ஐம்பது கட்டமும் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். அந்த அம்மா தாளில் ஏதோ எழுதினார். "வியாழக்கிழமை காலையில வர்றேன். டேப்பு நான் கொண்டுவர்றேன். கையோட நீங்க இருங்க."

என் மகள் கவிதா அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பின்னால் நின்றிருந்தாள். இங்கேயே பிறந்தவள். ஊருக்கு இரண்டு தடவைதான் போயிருக்கிறாள்.

"அப்பா, அத்தை ஏன் லோங்காங்ல எறங்குறேன்னாங்க?" என்றாள். இங்கே சாக்கடைக்கு லோங்காங் என்று பேர்.

"அது லோங்காங் இல்ல. வாய்க்கால்."

"அத்தை என்ஜினியரா?"

"பத்தாவது பெயில்."

அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

7

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். சொன்ன நாளில் வந்தார் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். டேப்பு வைத்து அளந்தார். அப்புறம் வசந்தாவின் கையை நீட்டச் சொல்லி அதையும் அளந்தாராம். நாலு விரற்கடை கம்மி என்பது சரியாக இருந்தது.

அப்புறம் அது யார் செலவு, யார் பொறுப்பு என்று இரண்டு அலுவலகத்துக்குள் கடிதம் போய்வந்தது. அதில் ஆறு வாரம். வசந்தா வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய் அந்த அம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். கெஞ்சவில்லை. சண்டையும் போடவில்லை. "என்னப் பாத்தா ஞாபகம் வரும்ல, அதுக்குத்தான்" என்றாள். மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டிய அன்றைக்குத்தான் குழாயைப் பெயர்த்தார்கள். நாலு நாளில் தாழ்த்திப் பதித்தார்கள். தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்துசேர அதற்குமேல் பத்து நாள் ஆயிற்று. எதிலும் கடைசி என்பதில் ஒரு சௌகரியம்.

இதற்கு நடுவில் நானும் ஒரு காரியம் செய்தேன். பட்டாவை அவள் பேருக்கு மாற்ற அதிகாரப் பத்திரம் எழுதி, கையெழுத்துக்காகக் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். ஒரு தாள் குறைகிறது என்றார்கள். எந்தத் தாள், அது எதற்கு, எங்கே கிடைக்கும் என்று நின்று கேட்டேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கேட்டு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். மறுவாரம் வேலை முடிந்தது.

அதைச் சொல்லத்தான் அவளைக் கூப்பிட்டேன். நாலைந்து தடவை அடித்தும் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தாள். பின்னால் பெண்கள் பேச்சும் சிரிப்பும் கேட்டது.

"என்ன அண்ணே? சீக்கிரம் சொல்லுங்க. கையெல்லாம் சேறு. வேற ஒருத்திதான் போனப் புடிச்சிக்கிட்டிருக்கா."

"நடவா?"

"ரெண்டு நாளா. ஆள் பத்தல."

பட்டா விஷயத்தைச் சொன்னேன்.

"அத அப்பறம் பேசிக்கலாம்" என்றாள்.

"திருப்பூருக்கு என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? ஒங்க மச்சானக் கெளம்பி வரச் சொல்லிட்டேன். காலையில பஸ்ல எறங்கினாரு. இந்தா, நாத்துமுடி தூக்கிக்கிட்டு வர்றாரு. பனியன் கம்பெனியில இருந்து ஒடம்பு வணங்க மாட்டேங்குது, பொம்பளைங்கள்ளாம் சிரிக்கிறாளுங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தமாகச் சொன்னது கேட்டது. "அங்க இல்லய்யா, இந்தப் பக்கம் போடு, இந்தப் பக்கம்!"

போன் அப்படியே வைக்கப்பட்டது.